அந்த விசிலை ஊதியது நான், என் பல் அல்ல

வள்ளத்துறை
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆன்ட்ரூஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜாஸ்மியைக் கைப்பிடித்தவனும், விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனும், வள்ளத்துறைத் திருவிழாக் கால்பந்துப் போட்டியின் நிரந்தர நடுவருமாகிய மரியஜான் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் மஸ்கட்டில் வெயில் தணிந்து, உங்கள் இடுப்புவலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை சுகம். உங்கள் மனைவி செல்லபாய் அக்கா சுகம். உங்கள் மகன் ரெஜினும் சுகம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. நானும் சுகம். என்னுடைய பற்கள் என்னைவிடச் சுகம்.

திங்கட்கிழமை நீங்கள் போனில் அனுப்பிய குரல் செய்தியை நானும் ஜாஸ்மியும் சேர்ந்து கேட்டோம். "அளியா, ஃபைனல்ல அந்தப் பெனால்டி விசில ஊதினது நீயா, இல்ல ஒனக்க பல்லா? ரெஜின் கெடந்து கரஞ்சு அழுவுதான்" என்று கேட்டுவிட்டுச் சிரித்திருந்தீர்கள். பின்னால் உங்கள் அறையில் இருக்கிறவர்களும் சிரித்தது கேட்டது. நானும் குரலிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பல் சம்பந்தமாக உங்களோடு போனில் பேசிய ஒரே தடவை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத பகுதியையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தை எழுத்தில் வைப்பதே நல்லது என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்பும் நம் ஊர்க்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பொறுமையாக, முடிந்தால் உங்கள் அறையில் சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி, உரக்க வாசிக்கவும்.

முதலில் பல் போன கதை. ஜூன் மாசத்து இடவப்பாதி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சாயங்காலம், பள்ளிக்கூட மைதானத்தில் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆட்டம். விசிலைக் கையில் பிடிக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். மேல் முன்பற்களால் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் வீசி ஓடுவதுதான் என் பாணி. கை சும்மா இருந்தால்தானே நடுவர் திசை காட்ட முடியும். அப்படி நான் வாயில் விசிலோடு நடு மைதானத்தில் திரும்பிய நேரம், கோல் பக்கத்திலிருந்து ஒருவர் உதைத்த பந்து, நனைந்து கல்லாய்க் கனத்த பந்து, நேராக வந்து விசிலில் அடித்தது. விசில் உள்ளே போனது. பல் வெளியே வந்தது, அதாவது ஒன்று பாதி வெளியே வந்தது, மற்றொன்று வருவதா வேண்டாமா என்று ஆடிக்கொண்டு நின்றது. உதைத்தது யார் என்று எழுதிக் குடும்பத்தில் குழப்பம் உண்டாக்க எனக்கு விருப்பம் இல்லை. அது ரெஜின்.

நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாய் இல்லை என்பது வேறு விஷயம். ஜாஸ்மி உப்புத்தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தந்தாள். ஆடுகிற பல் தானாக இறுகிவிடும் என்று நான் சில நாள் கஞ்சியும் மசித்த மரச்சீனிக் கிழங்குமாகக் காத்திருந்தேன். பல் இறுகவில்லை, மேலுதடுதான் வீங்கியது. கண்ணாடியில் பார்த்தால் மூக்குக்குக் கீழே ஒரு பழம்பொரியை ஒட்டிவைத்தது போல இருந்தது. ஜாஸ்மி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கூட வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பல்லுக்கு இரண்டு பேர் எதற்கு என்கிற கம்பீரம்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடியில் அந்தப் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் ஷம்னா என்ற பெண். வயது குறைவு, ஆனால் கை கொல்லன் கை. படம் எடுத்துப் பார்த்தார். மேலே மட்டும் உடைந்திருந்தால் ஒட்டலாம், வேர் நன்றாக இருந்தால் வேர்ச் சிகிச்சை செய்து தொப்பி போடலாம், ஆனால் இங்கே ஒன்று வேரோடு ஒடிந்திருக்கிறது, மற்றது ஈறுக்கு உள்ளே நெடுக்கப் பிளந்திருக்கிறது, இரண்டையும் எடுக்கத்தான் வேண்டும் என்றார். "பேடிக்காதீங்க சார். ஊசி ஒண்ணு போடுவேன், பின்ன ஒண்ணும் அறியாது. அமுக்குத மாதிரி மட்டும் இருக்கும்." நான் பயப்படவில்லை மச்சான். நாற்காலியின் கைப்பிடி என் கையோடு வந்தது உண்மைதான், அது பழைய திருகு. உதடு மரத்து, மூக்கு மரத்து, கன்னம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் வாயைப் பிளந்து கிடந்தபோது, டாக்டர் குறடைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "சார் வள்ளத்துறைதானே?" ஆ என்றேன். "ரெஃபரி சாரா?" ஆ என்றேன், கொஞ்சம் பெருமையோடு. "நான் தேங்காப்பட்டணமாக்கும். போன வருஷம் செமி ஃபைனல்ல எங்க தம்பி ஜாஸிமுக்கு செவப்பு கார்டு காட்டினது நீங்கதானே?"

மச்சான், இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர்க்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கி என்னிடம் நியாயம் கேட்டிருக்கிறார்கள். கம்போடு வந்தவர்களும் உண்டு. ஒருவர்கூடக் குறடோடு வந்ததில்லை. "அது ஃபவுலே இல்ல சார்" என்று சொல்லி ஒரு அசைப்பு. "அவன் பந்தத்தான் எடுத்தான், ஆளத் தொடவேயில்ல" என்று ஒரு திருப்பு. எனக்குப் பதில் இருந்தது, விதி இருந்தது, அந்தத் தம்பியின் பூட்ஸ் எதிராளியின் முட்டியில் பதிந்த தடம் கண்ணுக்குள் இருந்தது, ஆனால் வாய் டாக்டர் கையில் இருந்தது. "ஆ, ஆ" என்று மட்டும் சொன்னேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "ஒத்துக்கிட்டீங்கல்லா, போதும்" என்று சிரித்தார். டப் என்று ஒரு சத்தம், தட்டில் பல். எனக்கு ஒரு துளி வலி இல்லை. அதை மட்டும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அடுத்ததும் அப்படியே வந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார், துப்பக்கூடாது என்றார், சூடாக எதுவும் வேண்டாம், இன்றைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார். இரண்டு பல்லையும் ஒரு பஞ்சில் சுற்றிக் கையில் தந்தார்.

இனிமேல்தான் உங்கள் பங்கு வருகிறது. திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினேன். உதடு எனக்குச் சொந்தமில்லை. துப்பக்கூடாது என்றதால் வாயை மூடி வைத்திருந்தேன். கடைவாயில் எச்சில் சிவப்பாக இறங்கியது எனக்கு எப்படித் தெரியும்? கண்டக்டர் எங்கே என்றார். நம் ஊருக்கு இறங்குவது அங்கேதானே, தேங்காப்பட்டணம் என்றேன். "ஹேங்கா ஃபட்டணம்" என்று வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, காலம்பறயே தொடங்கிட்டீரா? பைய கம்பியப் பிடிச்சு நில்லும்" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார். காலியான இடத்தில் நான் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த சற்று நேரத்தில் உங்கள் போன். ஜாஸ்மி கடைக்குப் போயிருந்தாள், நானே எடுத்தேன். "எப்பிடி இருக்க அளியா?" என்று கேட்டீர்கள். "பல்லு போச்சு மச்சான், ரெண்டு பல்லும் போச்சு" என்று நான் சொன்னேன். உங்கள் காதில் "ஃபுல்லு போச்சு மஃபான், ரெண்டு ஃபுல்லும் போச்சு" என்று விழுந்திருக்கிறது. பட்டப்பகலில் இரண்டு ஃபுல் பாட்டிலைக் காலி செய்தவன் பேச்சு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். சரி. ஆனால் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நேராகப் பங்குத்தந்தைக்குப் போன் போட்டீர்களே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சாயங்காலம் ஃபாதர் வந்தார். தனியாக வரவில்லை, மது ஒழிப்பு இயக்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் மரத்தது விட்டு, வலி ஆரம்பித்திருந்தது. நான் புதுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன். "மரியஜான் சார், நீங்களா இப்பிடி?" என்று ஃபாதர் என் தோளில் கைவைத்தார். நான் பேசவில்லை. பேசினால் பஞ்சு விழும். "அழுங்க சார், நல்லா அழுங்க. அழுதாத்தான் மனம் திரும்பும்" என்றார். உங்கள் தங்கை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஃபாதர், அவரு குடிக்கல்ல, பல்லு புடுங்கினதாக்கும்!" இயக்கத்துக்காரர் ஒருவர் தலையை ஆட்டினார். "எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க இப்பிடி ஒண்ணு சொல்லத்தான் செய்வாவ ஃபாதர்." ஜாஸ்மிக்கு வந்ததே கோபம்! பஞ்சில் சுற்றிய இரண்டு பல்லையும் கொண்டுவந்து ஃபாதரின் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். ஃபாதர் நல்ல மனுஷன், பல்லைப் பத்திரமாகப் பஞ்சிலேயே சுற்றித் திருப்பித் தந்தார். பிறகு, வந்தது வந்தோம், உறுதிமொழியை எடுத்துவிடுங்கள், எடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லையே என்றார். வாழ்நாளில் கள்ளையே மோந்து பார்த்திராத நான், பஞ்சைக் கடித்துக்கொண்டே, இனிக் குடிக்கமாட்டேன் என்று வலது கையைத் தூக்கி நின்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த அறிவிப்பில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரர் இந்த வாரம் மது விலக்கு உறுதிமொழி எடுத்துப் பிறருக்கு முன்மாதிரியாகியிருக்கிறார் என்று ஃபாதர் சொன்னார். பெயர் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். கோவில் முற்றத்தில் பலபேர் கை கொடுத்தார்கள். "இத்தன வருஷமாட்டு ஒருத்தருக்கும் தெரியாம எப்பிடி சாரே சமாளிச்சிய?" என்று ஒருவர் மரியாதையோடு கேட்டார்.

புண் ஆறியதும் டாக்டர் வரச் சொல்லி, ஓட்டையை அடைக்க என்னென்ன வழி உண்டு என்று விளக்கினார். ஒன்று, கழற்றி மாட்டுகிற பல்செட்டு. சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஆடும். இரண்டாவது, பிரிட்ஜ். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பக்கத்துப் பற்களைத் தேய்த்துக் குறைத்து, நாலு பல் சேர்ந்த ஒரே கட்டாகச் செய்து மேலே சிமெண்டால் ஒட்டிவிடுவது. மூன்றாவது, தாடை எலும்பிலேயே டைட்டானியத் திருகை இறக்கி, எலும்பு அதைப் பிடித்த பிறகு மேலே பல்லை மாட்டுவது. எனக்கு உடனே மூன்றாவதுதான் பிடித்தது. திருகு என்றால் ஒரு ஆண்மை இருக்கிறது. ஆனால் எலும்பு பிடிக்க மாசக்கணக்கில் ஆகும், எனக்குச் சர்க்கரையும் கொஞ்சம் கூடுதல், திருவிழா ஃபைனலுக்கு முன்னால் நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிட்ஜ் போடவும் ஈறு முழுசாகச் சுருங்கி இறுக வேண்டும், அதுவரை கழற்றுகிற செட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். அது கால்பந்து பாஷையில் சொன்னால் இரவல் ஆட்டக்காரன். நம்ம ஊர் சட்டையைப் போட்டிருப்பான், மனசு வேறு எங்கோ இருக்கும்.

அவன் துரோகம் செய்தது போட்டியின் முதல் ஆட்டத்திலேயே. ஊரே மைதானத்தைச் சுற்றி நிற்கிறது. விளையாட்டுக் கமிட்டித் தலைவர் ராஜையன், அவரே மைக்கும் பிடிப்பார், உங்களுக்குத் தெரியும், "இதோ நமது அன்பான நடுவர் மரியஜான் சார் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்" என்று முழங்குகிறார். நான் மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினேன். விசில் சத்தம் வரவில்லை. பல்செட்டு வந்தது. வெயிலில் பளீரென்று ஒரு வளைவு போட்டு, நடு வட்டத்தைத் தாண்டிப் புல்லுக்குள் விழுந்தது. நான் வாயைப் பொத்தினேன். ராஜையன் மைக்கை மூடவில்லை. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, நடுவருக்க பல்லு மைதானத்துக்குள்ள விழுந்துருக்கு. வீரர்கள் பைய மிதிக்கணும்." இரண்டு அணியும் குனிந்து, கடற்பாறையில் சிப்பி பொறுக்குவது போல, மைதானம் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஃபார்வர்டு தன் வலது காலை நொண்டி நொண்டி வந்தான். அவன் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தால், அடிப்பக்கத்து ஆணியைக் கடித்துக்கொண்டு இருக்கிறது என் பல், இரண்டு துண்டாக.

மச்சான், இதுவரை எழுதியது சிரிப்பு. அன்று சாயங்காலம் ராஜையன் வீட்டுக்கு வந்து சொன்னது சிரிப்பு இல்லை. "சாரே, வெசனப்படாண்டாம். ஃபைனலுக்கு வெளியில இருந்து ரெஃபரியக் கூப்பிடலாம்ன்னு கமிட்டியில பேச்சு வந்துருக்கு. நீங்க மேடையில இருந்து கப்பு குடுங்க. பெரிய மரியாதையாக்கும்." மரியாதை என்ற சொல்லை இவ்வளவு மெதுவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மீதி ஆட்டங்களுக்கு என்னைக் கோட்டுக்கு வெளியே கொடி பிடிக்க வைத்தார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கொடியைத் தூக்குவதும் இறக்குவதுமாக ஓடினேன். இந்த ஊரில் எத்தனை சண்டை ஒரு விசிலில் நின்றிருக்கிறது! கல்லைக் கையில் எடுத்தவன்கூட என் விசிலுக்குக் கல்லைக் கீழே போட்டிருக்கிறான். அப்படி ஊதிய மனுஷன் இப்போது வீட்டில் ஜெபமாலை சொல்லும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறான். ஜாஸ்மி சில நாள் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சோற்றுத்தட்டை முன்னால் வைத்துவிட்டு, "ரெண்டு பல்லுக்காட்டு இப்பிடி மூலையில இருக்கவா இத்தன நாளு ஊரக் கட்டி மேய்ச்சிய? ஈறு ஆறியாச்சுல்லா? நாளைக்கே போணும். நானும் வருவேன்" என்றாள்.

இந்தத் தடவை கம்பீரம் பார்க்கவில்லை, கூட்டிக்கொண்டே போனேன். நன்றாக நிற்கிற இரண்டு பல்லை எதற்குத் தேய்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். விசிலைக் கடித்துக் கடித்து அவை ஏற்கெனவே பாதி தேய்ந்துதான் இருக்கின்றன, எப்படியும் தொப்பி போட வேண்டிய பற்கள், அவைதான் நடுவில் உள்ள இரண்டையும் தாங்கிப் பிடிக்கப்போகின்றன என்றார். தேய்த்தார். அச்சு எடுத்தார். பிறகு நிறம் பார்க்க, சின்னச் சின்னப் பற்களாகக் கோத்த ஒரு அட்டையை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அங்கேதான் ஜாஸ்மி புகுந்தாள். "டாக்டரே, அந்த ஓரத்துல பாலு மாதிரி இருக்குல்லா, அதப் போடுங்க. கல்யாணத்தண்ணைக்குக்கூட இவருக்கு அப்பிடி இருந்ததில்ல." டாக்டர் சிரித்துவிட்டு, மற்ற பற்கள் கட்டன்சாயா நிறத்தில் இருக்கும்போது நடுவில் நாலு மட்டும் பால் நிறத்தில் இருந்தால் டார்ச் அடித்தது போல இருக்கும் என்றார். கடைசியில் இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் ஆலோசித்து, பால்சாயாவில் உடன்பட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாய் என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

பல் செய்கிற லேபிலிருந்து பெட்டி வந்தது என்று போன் வர, ஃபைனலுக்கு முந்தின வாரம் ஓடினேன். டாக்டர் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. அமுக்கினார். உட்காரவில்லை. கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அரிசி மாதிரி குட்டிக் குட்டியாக நாலு பல், அழகான பல்தான், ஆனால் என் மீசைக்குக் கீழே அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பெட்டி மாறிவிட்டது! அது கல்யாணம் நிச்சயமான அருமனை ஊர்ப் பெண் ஒருத்தியின் பல். அப்படியென்றால் என் பல் அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. டாக்டர் போனை எடுத்து லேபுக்காரரைத் திட்டிய திட்டில், பல் பிடுங்கும்போது என்னிடம் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் சரியான பெட்டி வந்தது. டாக்டர் வைத்தார். டக் என்று உட்கார்ந்தது. கடிக்கச் சொன்னார், கொஞ்சம் ராவினார், மறுபடி கடிக்கச் சொன்னார், சிமெண்ட் வைத்து ஒட்டினார். "இனி விசில பல்லால கடிக்கப்படாது சார். கையில பிடிச்சு, உதட்டுல வச்சு ஊதணும். கேட்டியளா?" கேட்டேன். சட்டைப்பையில் இருந்த விசிலை எடுத்து, அங்கேயே, நாற்காலியில் படுத்தபடியே ஒரு ஊது ஊதினேன். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கீழே ரோட்டில் நின்ற பஸ் ஒன்று, கண்டக்டர் ஏறாமலே புறப்பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் ராஜையனை முற்றத்தில் மறித்தேன். முதலில் சிரித்துக் காட்டினேன். பிறகு ஊதிக் காட்டினேன். கொடிமரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. ராஜையன் காதைத் தேய்த்துக்கொண்டு, "வெளியூர் ரெஃபரிக்கு வரவேண்டாம்ன்னு சொல்லிருதேன் சாரே" என்றார்.

இனி உங்கள் கேள்வி. அன்று சாயங்காலம் நம் அணிக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் ஃபைனல். நம் கோல் கீப்பர் உங்கள் ரெஜின். அவர்கள் ஃபார்வர்டு, டாக்டரின் தம்பி ஜாஸிம். டாக்டரும் குடையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கிறார், தம்பியைப் பார்க்கவா பல்லைப் பார்க்கவா தெரியாது. நம் அணி ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியப்போகிறது, ஊர் வெடி வைக்கத் தயாராக இருக்கிறது. அப்போது ஜாஸிம் ஓங்கி அடித்த பந்து, பெனால்டிக் கட்டத்துக்குள் நின்ற நம் டிஃபண்டர் டிக்சன் மேல் பட்டது. கை முகத்துக்கு நேரே மேலே இருக்கிறது. ஹேண்ட்பால்! நான் யோசிக்கவே இல்லை. விசிலை உதட்டில் வைத்து ஊதினேன் மச்சான், வாழ்நாளில் அப்படி ஊதியதில்லை. கடல்வரை கேட்டது என்று வள்ளத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். பிறகு நம் ஊர் முழுக்க ஒரே இரைச்சல். "பல்லு எளகினதுல சத்தம் வந்துட்டுடே!" "ரெஜின் பல்ல ஒடச்ச கோவத்துக்கு பெனால்டியா சாரே?" ரெஜின் ஓடிவந்து, "மாமா, மாமா, சத்தியமாட்டு நீங்களா ஊதினிய?" என்று என் வாயைப் பார்க்கிறான். நான் வாயைத் திறந்து நாலு பல்லையும் அவனுக்குக் காட்டினேன். அசைவு இல்லை. விரலைப் புள்ளிக்கு நேராக நீட்டினேன். சொந்த ஊர், சொந்த மருமகன், சொந்தத் திருவிழா. ஆனால் நீட்டின விரலை மடக்கவில்லை. நியாயமான தீர்ப்பு என்பது அதுதான்.

ஜாஸிம் பந்தை வைத்தான். அடித்தான். ரெஜின் இடதுபக்கம் சாடினான் பாருங்கள், வலையில் மீன் துள்ளுவது போல ஒரு சாட்டம், விரல் நுனியால் பந்தைத் தட்டி வெளியே தள்ளிவிட்டான்! அடுத்து நான் ஊதிய விசில் ஆட்டம் முடிந்த விசில். அதை யாரும் கேட்கவில்லை, வெடிச்சத்தம். உங்கள் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைவரை போனார்கள். ராஜையன் தொண்டை கட்டும்வரை மைக்கில் ரெஜின் ரெஜின் என்று கத்தினார். இப்போது சொல்லுங்கள், நான் அந்த விசிலை ஊதாமல் இருந்திருந்தால், ஒரு கோலில் வென்ற அணியின் கீப்பர் என்று யாராவது அவன் பெயரைச் சொல்வார்களா? அதைப் புரிந்துகொள்ளாமல் என்னோடு பேசாமல் இருக்கிறான். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் என்னிடம் வந்தார். அழுதுகொண்டிருந்த தம்பியிடம் போகும் முன்னால் என்னிடம் வந்தார். "சார், வாயத் தொறங்க" என்றார். திறந்தேன். விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லா நிக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பியிடம் போனார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பிரிட்ஜ் சிமெண்டால் ஒட்டியது. சிமெண்ட் விசில் ஊதாது. ஊதியது நான். நேற்று மதியம் நெய்மீன் பொரித்ததைப் பழையபடி கடித்துத் தின்றேன் என்பதையும், கண்ணாடிக்கு முன்னால் நிற்க எனக்கு முன்னைவிட நேரம் ஆகிறது என்று ஜாஸ்மி குறைப்படுகிறாள் என்பதையும் கூடவே தெரிவித்துக்கொள்கிறேன். உங்களுக்கும் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது என்றும், மாத்திரையைப் போட்டு அதை ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் செல்லபாய் அக்கா சொன்னார்கள். மச்சான், பல்லை ஏமாற்ற முடியாது. லீவுக்கு வரும்போது ஒரு நாள் எனக்குத் தாருங்கள், நானே வடசேரிக்குக் கூட்டிப்போகிறேன். தேங்காப்பட்டணத்துக்கு எதிராக நீங்கள் ஒன்றும் செய்ததில்லையே?

பல்வலிக்காரர்களுக்குத் துணை நிற்கிற புனித அப்போலோனியம்மாள் உங்களையும், உங்கள் அறையில் சிரித்த எல்லாரையும் கடைவாய்வரை காத்தருள வேண்டும் என்று மன்றாடுகிறேன். ஜாஸ்மி உங்களைக் கேட்டதாகச் சொல்கிறாள். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் ஃபாதருக்கு முன்னால் தனக்குப் போன் பண்ணச் சொல்கிறாள்.

முழுப் பல்வரிசையோடு,
தங்கள் அன்புள்ள
மரியஜான்

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கும்போது வாசலில் டிக்சனும் அவன் அம்மாவும். அவன் முகம் ஒரு பக்கம் பலாச்சக்கை போல வீங்கியிருக்கிறது. வாயில் துணி. ஞாயிற்றுக்கிழமை முதல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தானாம். முன்பல் ஒன்று ஆடுகிறது. என்னலே ஆச்சு என்று கேட்டேன். "பந்து கையில படல்ல சாரே, வாயில பட்டது. வலி தாங்காம கையால வாயப் பொத்தினேன். நீங்க கையத்தான் பாத்திய" என்றான். ஏலே, அதை அங்கேயே சொல்லக்கூடாதா என்று கேட்டதற்கு, "வாயத் தொறந்தா பல்லு விழுந்துரும்ன்னு பேடிச்சேன்" என்கிறான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவனை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போகிறேன். ரெஜினிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். மேலே நியாயமான தீர்ப்பு என்று எழுதியிருப்பதை நீங்களே பேனாவால் அடித்துவிட்டு வாசிக்கவும். விசில் சத்தத்தைப் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும்.